அச்சாரம் வைக்காத அழைப்பு



தவில் வித்வான் ஒருவரின் நினைவாக நடக்கும் சொற்பொழிவு இது. அவருடைய பிள்ளைகள் ஒரு தொகையை வங்கியில் போட்டு, அதன் வட்டியிலிருந்து பேச்சாளருக்கு ஊதியமும் வழிச்செலவும் தர வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அப்பா எத்தனை வாசல்களிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார் என்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எழுதிய வரி அது. ஆகவே, கலைஞரிடம் இலவச உழைப்பை எதிர்பார்க்கும் வழக்கத்தைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஊர்த் திருவிழாவின் வரவு செலவு நோட்டை எடுத்துப் பாருங்கள். பந்தல், சீரியல் விளக்கு, மைக் செட், ஜெனரேட்டர், பூ, சமையல் எல்லாவற்றுக்கும் நேராகத் தொகை எழுதியிருக்கும். பேரம் நடந்திருக்கும், ஆனால் ஒன்றுமே தரத் தேவையில்லை என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். மேளக்காரரிடம் வரும்போது மட்டும் பேச்சு மாறுகிறது. "சாமிக்கு வாசிக்கிறதுக்குக் காசு பார்க்கலாமா?" விழா மலருக்கு அட்டைப்படம் வரைகிறவரிடம், "அரை மணி நேர வேலைதானே தம்பி?" பாடப் போகும் பெண்ணிடம், "நாலு பெரிய மனுஷங்க வர்ற மேடைம்மா, நல்ல வாய்ப்பு." ஒருவரிடம் பக்தியையும் இன்னொருவரிடம் வாய்ப்பையும் காட்டுகிறோம். இரண்டையும் கொண்டு மளிகைக் கடையில் அரிசி வாங்க முடியாது.

மேளக்காரரின் உழைப்பைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். தவில்காரரின் வலக்கை விரல்களில் கூடு மாட்டியிருக்கும். துணியைப் பசையில் தோய்த்துச் சுற்றிக் காயவைத்த கூடு, கல்லாக இறுகியிருக்கும். இடக்கையில் பூவரசங் குச்சி. பலாமரத்தைக் குடைந்து செய்த தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாமி புறப்பாட்டோடு நான்கு வீதியும் நடந்தே வாசிக்கிறார். வார் அழுந்திய தோள் காய்த்துப்போயிருப்பதை, அவர் சட்டையில்லாமல் உட்கார்ந்து சாப்பிடும்போதுதான் பார்க்க முடியும். பக்கத்தில் நடக்கும் நாகஸ்வரக்காரரின் கருவி நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்ததாக இருக்கலாம். அந்த ஊர் நாகஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாமும் பெருமைப்பட்டோம். வாயில் வைக்கும் சீவாளியோ நாணல் தட்டையில் செய்த மென்மையான பொருள். எச்சில் பட்டுப் பட்டு நைந்துபோகும். அடுத்ததை அவர் கைக்காசில்தான் வாங்க வேண்டும். சிறுவயதில் குருவின் வீட்டில் கழித்த ஆண்டுகளுக்கோ எந்த நோட்டிலும் வரி கிடையாது.

கலைக்கு விலை பேசுவது நம் மரபில்லை என்று சொல்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போய் வரலாம். முதலாம் இராசராசனின் 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, ஏறத்தாழ 1014-ஐச் சேர்ந்தது, கோயில் பணிப் பெண்களான 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கும் ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் என்று விதிக்கிறது. பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவு, ஆண்டுக்கு 100 கலம் நெல். எந்த மரக்காலால் அளப்பது என்பது உட்பட எழுதியிருக்கிறது. நட்டுவம் செய்தவர்களுக்கு இரண்டு பங்கு. பாடியவர், வாத்தியம் வாசித்தவர், கணக்கு எழுதியவர், தையல் வேலை செய்தவர் எனப் பட்டியல் நீள்கிறது. ஒருவர் இறந்தால் பங்கு யாருக்குப் போகும் என்ற ஏற்பாடும் உண்டு. சாமிக்குச் செய்யும் பணிதான். அதற்கான கூலியைச் சாமியின் சுவரிலேயே வெட்டி வைத்தார்கள்.

அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்கள் அரசாணையால் பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். வர விருப்பமா என்று அவர்களைக் கேட்டதாகக் கல்வெட்டில் இல்லை. அதே சோழர் கல்வெட்டுகளில் வெட்டி என்னும் கூலியில்லா உழைப்பும் திரும்பத் திரும்ப வருகிறது. யாருக்குக் கூலி, யாருக்கு வெட்டி என்பதை வேலையின் அருமை தீர்மானிக்கவில்லை. 'முடியாது' என்று சொல்ல யாருக்கு வலு இருந்தது என்பதே தீர்மானித்தது.

பறையைவிட இதற்குத் துயரமான சான்று இல்லை. ஊரில் சாவு விழுந்தால் அடிக்க வந்தே ஆக வேண்டும் என்று ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்ட கடமை அது. கிடைத்தது கொஞ்சம் தானியம், கொஞ்சம் சாராயம், நிறைய அவமானம். அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் வந்தது. அதற்குப் பிறகும், அடிக்க மாட்டோம் என்று சொன்ன குடும்பங்களை ஊர்கள் ஒதுக்கி வைத்தன. கடையில் பொருள் கிடையாது, வயலில் வேலை கிடையாது. அப்படி மறுத்தவர்கள் வாங்கிக்கொடுத்த மரியாதையில்தான் பறை இன்று மேடை ஏறியிருக்கிறது. பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது எனக்கு முதலில் நினைவு வந்தவர்கள் அந்தக் குடும்பங்கள்தாம்.

சினிமாவிலும் இதே வழக்குத்தான். தயாரிப்பாளருக்காக எழுதிய பாட்டு, போட்ட மெட்டு ஆகியவற்றின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை தயாரிப்பாளருக்கே என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டால்தான் வாய்ப்பு என்ற நிலையில் வேறு ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? 2012-ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதற்காக நாடாளுமன்றத்தில் உரத்துப் பேசியவர்களில் கவிஞர் ஜாவேத் அக்தரும் ஒருவர். அந்தத் திருத்தத்தின்படி, ராயல்டியில் தமக்குரிய சமபங்கைக் கவிஞரோ இசையமைப்பாளரோ தாமே விரும்பி எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. வாரிசுக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கும் மட்டுமே கொடுக்கலாம். தேவை உள்ளவன் எதிலும் கையெழுத்துப் போடுவான் என்பதைப் புரிந்துகொண்டு எழுதிய சட்டம் அது.

'எம்.எஸ். அம்மா எத்தனை கச்சேரியை நிதிக்காகப் பாடினார்!' என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமி 1944-ல் கஸ்தூர்பா நினைவு நிதிக்குப் பாடியதில் தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கொடுத்தார். அது எந்த நோக்கத்துக்கு என்று அவருக்குத் தெரியும். மறுக்கும் உயரத்திலும் அவர் இருந்தார். அவருடைய கொடையைக் காட்டி, பஸ் கட்டணத்துக்கே யோசிக்கும் இருபது வயதுப் பிள்ளையை மதிய வெயிலில் சும்மா பாடச் சொல்வது அவருக்கும் செய்யும் அநீதி.

விழா நடத்தும் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த விழாவுக்கு மேளம் பேசப் போகும்போது வெற்றிலை பாக்கோடு அச்சாரத்தையும் கையோடு கொண்டுபோங்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி 'செட்டுக்குள் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடாதீர்கள். பேரத்தில் குறைகிற ஒவ்வொரு நூறும் கடைசியில் தாளம் போடுகிறவரின் பங்கில்தான் போய்க் குறைகிறது. நாகஸ்வரத்துக்கு இவ்வளவு, தவிலுக்கு இவ்வளவு, சுருதிக்கு இவ்வளவு, தாளத்துக்கு இவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கையெழுத்திட்டு, விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.