கையால் வார்த்த கூடம்

டெல்லி பிரகதி மைதானத்தில் ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ என்றொரு கண்காட்சிக் கூடம் 45 ஆண்டுகள் நின்றது. நம் நாட்டில் கான்கிரீட்டால் ஆன கலைப்படைப்புகளை வரிசைப்படுத்தச் சொன்னால், அதை நான் முதலிடத்தில் வைப்பேன். ஏன் என்று சொல்கிறேன்.

விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972இல், ‘ஆசியா 72’ என்ற பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டப்பட்டது அது. வடிவமைத்தவர் ராஜ் ரேவால். பொறியாளர் மகேந்திர ராஜ். சண்டிகரில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேவின் கட்டடங்களில் பணிசெய்தவர். நடுவே ஒரு தூண்கூட இல்லாமல் 70 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும், அதுவும் சீக்கிரம் வேண்டும். எஃகுக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பூட்டிக் கூரை எழுப்புவதுதான் இதற்கு வெளிநாடுகளில் இருந்த வழி. ஸ்பேஸ் ஃபிரேம் என்பார்கள். நம்மிடமோ அன்று எஃகுக்குத் தட்டுப்பாடு; விலையும் கட்டுப்படியாகாது. சிமெண்டு இருந்தது, உழைக்க ஆட்கள் இருந்தார்கள். எஃகில் செய்வதைக் கான்கிரீட்டிலேயே செய்துவிடலாம் என்று இருவரும் துணிந்தார்கள். அந்த அளவில் உலகில் எவரும் அதற்குமுன் செய்திராத காரியம்.

எஃகென்றால் தொழிற்சாலையில் அறுத்து வந்து முடுக்கிவிடலாம். இங்கே ஒவ்வொரு சட்டத்தையும் அது நிற்க வேண்டிய இடத்திலேயே, அந்தரத்தில், சாய்வாக வார்த்தாக வேண்டும். சாரம் கட்டி, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பி கட்டி, கலவையைத் தலைச்சுமையாக மேலே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

சட்டங்களை விடக் கடினமானது அவை கூடும் முடிச்சு. மேலிருந்தும் கீழிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வரும் சட்டங்கள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அத்தனையின் கம்பிகளும் அந்த முடிச்சுக்குள் நுழைய வேண்டும். நெருக்கம் கூடினால் கலவை இறங்காது, உள்ளே பொந்து விழும். சொந்த வீடு கட்டியவர்களுக்குத் தெரியும்: தூணும் உத்தரமும் சேரும் இடத்தில் மேஸ்திரி நின்று, ‘நல்லா குத்திவிடு’ என்று சத்தம் போடுவார். நேர்க்கோட்டில் வரும் இரண்டு மூன்று கம்பிக்கட்டுக்கே அந்தப் பாடு. சாய்ந்து வரும் சட்டங்களுக்குத் தச்சர் பலகை அறுக்கும் கோணம் கொஞ்சம் பிசகினாலும் அடுத்த முடிச்சு விலகிப்போகும். கணக்கு மகேந்திர ராஜுடையது. அதை மரத்தில் பிடித்துக் காட்டியவை தச்சர்களின் கைகள். இந்த வேலையைப் புகைப்படக்காரர் மதன் மஹட்டா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் கிடைத்தால் பாருங்கள்.

உச்சி வெட்டிய பிரமிடு போன்ற உருவம். பூச்சில்லாத கான்கிரீட். சட்டகத்தின் ஆழமே வெயிலைத் தடுத்தது. இடைவெளிகள் வெளிச்சத்தையும் காற்றையும் விட்டன. வட இந்திய அரண்மனைகளில் ஜாலி எனும் கல் துளைச்சாளரம் செய்த வேலையை இங்கே சட்டகமே செய்தது. கட்டடத்தைத் தாங்குவதும் அதுதான், அழகு செய்வதும் அதுதான். தனியாக ஒட்டவைத்த அலங்காரம் எதுவும் கிடையாது.

பிறகு, கூடத்தை இடித்துவிட்டுப் புதிய மாநாட்டு மையம் கட்ட முடிவானது. இன்றைய மாநாடுகளுக்குக் குளிர்சாதனம் வேண்டும், பெரிய வசதிகள் வேண்டும் என்பது நியாயமான தேவை. பழையதை நடுவில் வைத்துப் புதியதைச் சுற்றிலும் கட்டியிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். இடிக்கக் கூடாது என்றபோது, பாரம்பரியச் சின்னம் என்று கருத 60 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்றார்கள். இடிப்பை எதிர்த்த மனு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. 2017 ஏப்ரலில், ஒரே இரவில் கூடத்தை இடித்தார்கள். இன்றைய போலந்தின் விரோட்ஸ்வாஃப் நகரில் 1913இல் மாக்ஸ் பெர்க் கட்டிய கான்கிரீட் கண்காட்சி மண்டபம், 2006இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. நம் கூடமும் அந்த வரிசையில் இருக்க வேண்டியது. இந்த இழப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

அதே பிரகதி மைதானத்தில் 2023இல் பாரத் மண்டபம் திறக்கப்பட்டது. ஜி20 உச்சி மாநாடு அங்கேதான் நடந்தது. வாசலில் நிற்கும் 27 அடி நடராசர் நம் சுவாமிமலையில் உருவானவர். ராதாகிருஷ்ண ஸ்தபதி குழுவினர் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, எட்டு உலோகக் கலவையை ஊற்றி எடுத்தார்கள். அச்சு செய்வது, ஊற்றுவது, இறுகியபின் அச்சைப் பிரிப்பது: மைதானத்தில் 1972இல் நடந்ததும் வார்ப்புதான். ஒரு வார்ப்பு வாசலில் நிற்கிறது, இன்னொன்று மண்ணோடு போய்விட்டது.

ஸ்தபதிகளின் பெயரும் பரம்பரையும் நமக்குத் தெரிகிறது. அந்த முடிச்சுகளுக்குப் பலகை அறுத்த தச்சர்கள், கம்பி கட்டியவர்கள், சட்டி சுமந்தவர்களின் பெயர்களை நான் படித்த எதிலும் காணவில்லை. அன்று இருபது வயதில் வேலை செய்தவருக்கு இன்று எழுபது தாண்டியிருக்கும். அவர்களைத் தேடிப்போய் எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு எழுத, கட்டடக் கலை படிக்கும் மாணவர்கள் யாராவது இந்த ஆண்டே புறப்பட வேண்டும்.