பதில் வராத கேள்வி

(ஆங்கில ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை நலம் பாராட்டும் வினாவுக்கு நம் பிள்ளைகள் நன்றாகவே விடை எழுதுகிறார்கள். உவமையா உருவகமா, இயைபு எந்த அடியில் என்று கேட்டால் பேனா நிற்காது. அந்த உத்தி அங்கே எதற்கு என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். வினாத்தாளும் அதைக் கேட்பதில்லை. அந்த 'எதற்கு' இல்லாமல் படிக்கவே முடியாத பாட்டு ஒன்று இருக்கிறது. டட்லி ராண்டால் எழுதிய 'பர்மிங்ஹாம் கதைப்பாடல்'.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பர்மிங்ஹாம் நகரின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. நான்கு கறுப்பினச் சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14, ஒருத்திக்கு 11. நம் ஒன்பதாம் வகுப்பு, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் வயது. முதல் குற்றவாளிக்குத் தண்டனை கிடைத்தது 1977இல், கடைசி ஆளுக்கு 2002இல்.

டெட்ராய்ட் நகரில் நூலகராக இருந்த ராண்டால் இதை எழுத எடுத்துக்கொண்டது பழைய நாட்டுப்புற வடிவம். நான்கு நான்கு அடிகளாக எட்டுப் பத்திகள். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் இயைந்து முடியும். தாயும் பிள்ளையும் மாறி மாறிப் பேசுவது ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களில் உண்டு. 'லார்ட் ராண்டல்' அப்படி ஒன்று. (பெயர்ப் பொருத்தம் தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்!)

மகள் கேட்கிறாள்: விளையாடப் போகாமல் உரிமை ஊர்வலத்துக்குப் போகட்டுமா? தாய் மறுக்கிறாள். நாய்கள், தடிகள், தண்ணீர்க் குழாய்கள், சிறை என்று அஞ்சுகிறாள். இது கற்பனை அச்சமில்லை. அந்த ஆண்டு மே மாதம் அந்நகரில் ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள்மீது காவல்துறை நாய்களை ஏவியது, தண்ணீரைப் பீய்ச்சியடித்தது, நூற்றுக்கணக்கில் சிறையிலும் அடைத்தது. மகள் மீண்டும் கேட்கிறாள். தாய் மீண்டும் மறுத்து, தேவாலயத்துக்குப் போய்ப் பாடு என்று அனுப்புகிறாள். ஆபத்தில்லாத இடம் என்று அவள் தேர்ந்தெடுத்ததுதான் ஆபத்தான இடம். முரண் என்று இதற்குப் பெயர் சொல்லிவிடலாம். ஆனால் மே மாதத்தில் பிள்ளைகள் ஊர்வலம் புறப்பட்டதே அந்தத் தேவாலயத்திலிருந்துதான். அதையும் சொன்னால்தான், அந்தத் தாய்க்குத் தேர்ந்தெடுக்க வேறு இடமே இருக்கவில்லை என்பது வகுப்புக்குப் புரியும்.

நிறங்களைக் கவனியுங்கள். தலைசீவி, குளித்து, கறுப்பினக் குழந்தையின் கைகளில் வெள்ளைக் கையுறை, காலில் வெள்ளைக் காலணி. வெள்ளை என்றால் தூய்மை என்று எழுதிப் பழகிய மாணவர்களிடம், அந்த ஊரில் வெள்ளை என்றால் வேறென்ன பொருள் என்று கேட்டுப் பாருங்கள்.

எனக்கு முக்கியமாகப் படுவது குரல். முதல் பத்தியில் மகள் பேசுகிறாள், மூன்றாம் பத்தியில் பேசுகிறாள். அதன்பிறகு அவள் குரல் பாட்டில் இல்லை. வெடிச்சத்தம் கேட்டு ஓடிய தாய் இடிபாடுகளில் ஒரு காலணியைக் கண்டெடுத்து, மகளைக் கேட்கிறாள். மகள் கேட்க, தாய் பதில் சொல்ல என்று தொடங்கிய பாட்டு, பதில் சொல்ல ஆளில்லாத தாயின் கேள்வியோடு நின்றுபோகிறது. இயைபு மட்டும் அசையாமல் அப்படியே இருக்கிறது. குண்டு வைத்தவனைப் பற்றி ஒரு சொல் கிடையாது. 'அநீதி' என்ற சொல்லும் கிடையாது. இதைவிட உரக்கச் சொல்லியிருந்தால் பாட்டு பலவீனப்பட்டிருக்கும் என்பது என் கருத்து.

குவெண்டலின் புரூக்ஸ் இதே வடிவத்தை உடைத்தே காட்டினார். 1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு, சுமார் ஒரு மணி நேரத்தில் இருவரை விடுவித்தது. 1960இல் வெளியான அவரது தொகுப்பில், எம்மெட் டில் கதைப்பாடலின் 'கடைசி நான்கடி' என்று தலைப்பிட்டு ஒரு சிறு கவிதை வருகிறது. அந்தக் கதைப்பாடலின் மற்ற அடிகள் இல்லை. மகனை இழந்த தாய் மட்டும் இருக்கிறாள்.

வகுப்பில் ராண்டாலின் பாட்டை இரண்டு பேரை வைத்து வாசிக்கச் சொல்லுங்கள், ஒருவர் தாய், ஒருவர் மகள். மகளாக வாசித்தவர் மூன்றாம் பத்திக்குப் பிறகு சும்மா நிற்க வேண்டிவரும். அவரை உட்காரச் சொல்லாதீர்கள். உத்தியைப் பற்றிய கேள்வியை மாணவர்களே கேட்பார்கள்.

இவ்வளவு துயரமான பாட்டு வேண்டுமா என்று ஒரு நண்பர் கேட்டார். ஆறாம் வகுப்பில் நான் எடுப்பதில்லை. ஒன்பதில் எடுக்கலாம். பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தொடங்க வேண்டாம். மணி அடித்துவிட்டால், பிள்ளைகள் கேட்க வந்ததைக் கேட்காமலே போய்விடுவார்கள்.