குளிரும் டீஸல் யந்திரமும்



டில்லியில் மைய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு யந்திரங்களோடு ஏற்படும் உறவெல்லாம் பெரும்பாலும் காகிதத்தின் வாயிலாகவே ஏற்படுவது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மேஜைக்கு வந்த ஆங்கிலக் குறிப்பேடு ஒன்றில், டீஸல் கார்களின் யந்திரத்தைச் சூடேற்றும் கருவியைப் பற்றிய பகுதி இருந்தது. உருளைகள் அடங்கிய இரும்பு உடலை ஆங்கிலத்தில் 'பிளாக்' என்பர். அகராதி அச்சொல்லுக்குக் கட்டை என்றும் பொருள் தருகிறது. ஆகவே எங்களுள் இளையவர் ஒருவர் அக்கருவியைக் 'கட்டைச் சூடேற்றி' என்று பெயர்த்து வைத்தார். நாங்கள் நகைத்து, 'யந்திரச் சூடேற்றி' என்று திருத்தினோம். ஆயினும் திருத்திய நாங்களாவது அக்கருவியின் பயனை உணர்ந்திருந்தோமா என்றால், இல்லை. அதனை எங்களுக்கு உணர்த்தியது லே நகரில் ஒரு ஜனவரி மாத விடியற்காலை.

அலுவல் காரணமாக எங்களில் இருவர் அங்கே சென்று ஒரு சிறிய விடுதியில் தங்கியிருந்தோம். விடியுமுன் விடுதிக்காரரின் முதிய தாயாருக்கு மூச்சுத் திணறல் கண்டது. வாசலிலேயே டீஸல் கார் நின்றது, ஓட்டுநரும் இருந்தார். சாவியைத் திருப்பியபோது யந்திரம் ஒருமுறை முனகியது. இரண்டாம் முறை அதுவும் இல்லை. ஓட்டுநர் பதறவில்லை. மண்ணெண்ணெய் அடுப்பொன்றைக் கொணர்ந்து யந்திரத்தின் அடியில், எண்ணெய்த் தொட்டிக்கு நேர் கீழே வைத்துக் கொளுத்தினார். நாற்பது நிமிடம் கழிந்தது. அந்த நாற்பது நிமிடமும் அம்மூதாட்டி கம்பளிகளுக்குள் அமர்ந்து மூச்சுக்குப் போராடியதை நாங்கள் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு வண்டி வெண்புகை கக்கிக் கொண்டு கிளம்பிற்று. மருத்துவமனையில் பிராணவாயு கொடுத்தார்கள்; அவர் பிழைத்துக் கொண்டார்.

ஏன் இவ்வாறு நேருகிறது? பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீஸல் யந்திரத்தில் பொறி இல்லை. 1890-களில் ஜெர்மானியப் பொறியியலார் ருடால்ப் டீஸல் வகுத்த முறை இது: காற்றை மட்டும் உருளைக்குள் இழுத்து, அதனை ஏறக்குறையப் பதினாறில் ஒரு பங்காகவோ இன்னும் சிறியதாகவோ அழுத்தினால், அது தானே பலநூறு டிகிரி சூடேறும், அதில் டீஸலைப் பீச்சினால் பற்றிக்கொள்ளும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுவதை எல்லோரும் தொட்டு அறிந்திருப்போம்.

இந்தச் சூட்டைத்தான் குளிர் களவாடுகிறது. இரவெல்லாம் பனியில் கிடந்த இரும்பு, அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்தை உடனே உறிஞ்சிவிடும். எண்ணெய் தேன்போல் இறுகிவிடுவதால் யந்திரம் மெதுவாகச் சுழலும். மெதுவாகச் சுழலச் சுழல, காற்று இடுக்குகளின் வழியே நழுவவும் சூட்டை இழக்கவும் கூடுதல் அவகாசம் கிடைக்கும். மின்கலமோ, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் தன் ஆற்றலில் ஏறக்குறையப் பாதியையே தரும். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உருளைக்குள் வரும் காற்றின் அளவும் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்களவே. இத்தனையும் ஒரே காலையில் ஒன்றுசேர்கின்றன.

காரின் முகப்பில் சுருள்வடிவ விளக்கொன்று எரிந்து அணைவதைப் பார்த்திருப்பீர்கள். அது 'குளோ பிளக்' எனும் சிறு சூட்டுக்கோல்கள் உருளைகளுக்குள் சிவந்து நிற்பதைக் காட்டுவது. மிதமான குளிருக்கு அதுவே போதும். கடுங்குளிருக்குப் போதாது, அது எரியும் இடத்தை மட்டும் சில நொடி சூடாக்குமேயன்றி, இரும்பையும் எண்ணெயையும் ஒன்றும் செய்யாது.

அங்கேதான் யந்திரச் சூடேற்றி வருகிறது. வட அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் ஆண்ட்ரூ பிரீமன் என்பவர், யந்திரத்தின் தலைப்பகுதியில் உள்ள ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு அதனிடத்தில் மின்சூட்டுக்கம்பி அடங்கிய போல்ட்டைப் பொருத்தும் வழியைக் கண்டார். 1949-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று வழங்குவது பெரும்பாலும் வேறு வகை. யந்திர உடலில் உள்ள அடைப்புத் தகடு ஒன்றைக் கழற்றி, அத்துளையில் சூட்டுக்கம்பியைச் செருகுவார்கள். அது குளிர்நீரில் மூழ்கியிருந்து அந்நீரைச் சூடாக்க, நீர் தானே மேலெழுந்து சுற்றி, இரும்பைச் சூடாக்கும். வீட்டிலிருந்து ஒரு மின்கயிற்றை இழுத்து மாட்டினால் போதும். கனடாவின் வின்னிபெக், எட்மண்டன் நகரங்களிலும், பின்லாந்திலும், கார் நிறுத்துமிடங்களில் வரிசையாக மின்செருகிகள் நட்டிருப்பது இதற்காகவே.

இரவு முழுவதும் மாட்டி வைக்க வேண்டுமோ என்று கேட்கலாம். வேண்டியதில்லை. இக்கருவி பெரும்பாலும் 400 முதல் 1,000 வாட் வரை மின்சாரம் கொள்ளும். 500 வாட் கருவி இரண்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் தின்னும். பத்து மணி நேரத்துக்கு ஐந்து. இரும்பு ஓரளவு சூடேறியபின், ஏறும் சூடும் வெளியேறும் சூடும் சமமாகி நின்றுவிடும். பிறகு செலுத்துவதெல்லாம் வெட்டவெளியைச் சூடாக்குவதே. கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி முன்னதாகத் தானே திறக்கும் கடிகார விசை பொருத்திக்கொள்வது விவேகம். கடுங்குளிரானால் நான்கு மணி கொடுக்கலாம்.

லடாக்கிற்கு இது பொருந்துமா? 2019-இல் ஸ்ரீநகரிலிருந்து லே வரையிலான மின்கம்பி வழி திறக்கப்பட்டு அந்நகரம் நாட்டின் மின்வலையோடு இணைந்தது. அதற்கு முன் கருவி இருந்தாலும் அதை மாட்ட உறுதியான மின்சாரம் இருந்ததென்று சொல்ல முடியாது. மின்கம்பி எட்டாத சிற்றூர்களுக்கு வேறொரு வகை உண்டு. வண்டியின் டீஸலையே சிறிதளவு தனி அறையில் எரித்துக் குளிர்நீரைச் சூடாக்குவது அது. விலை அதிகம், ஆனால் செருகி தேட வேண்டாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். சூடேற்றி யந்திரத்தைச் சூடாக்குமே தவிர எரிபொருளைச் சூடாக்காது. டீஸலில் மெழுகு கலந்திருக்கிறது; குளிரில் அது உறைந்து வடிகட்டியை அடைத்துவிடும். நம் நாட்டுத் தரவிதி, சாதாரண டீஸலின் பாயுநிலை குளிர்காலத்தில் 3 டிகிரிக்கு மேற்படலாகாது என்கிறது. சமவெளிக்கு அது சரி. லடாக்கிற்கு எவ்விதத்திலும் சரியன்று. 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம், பூஜ்யத்துக்குக் கீழே 33 டிகிரி வரை பாயும் குளிர்கால டீஸலை லடாக்கிற்கென வெளியிட்டது. யந்திரம் நன்றாகச் சுழன்றும் பற்றவில்லையானால், சந்தேகப்பட வேண்டியது டீஸலை. சுழலவே மறுத்தால், எண்ணெயையும் மின்கலத்தையும். எண்ணெயிலும் கவனம் வேண்டும். 15டபிள்யூ என்று குறித்த எண்ணெய்க்குச் சுழற்சிச் சோதனை பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் செய்வார்கள். 5டபிள்யூவுக்கு 30 டிகிரியில். எண்ணெயை மாற்றுவது சூடேற்றி வாங்குவதைவிட மலிவு. முதலில் அதைச் செய்யுங்கள்.

பழைய ஓட்டுநர்கள் இரவில் ரேடியேட்டர் நீரை வடித்துவிட்டுக் காலையில் வெந்நீர் ஊற்றுவது வழக்கம். கொதிநீர் உறைந்த இரும்பைத் தொட்டால் அது பிளக்கலாம். அதைவிடக் கேடு, நீரை வடித்த யந்திரத்தில் சூடேற்றியைப் போடுவது. நீரில்லாத சூட்டுக்கம்பி சில நிமிடங்களில் கருகிவிடும். ஆகவே சூடேற்றி வைத்தவர் வெறும் நீரை விட்டு, உறையாத கிளைகால் கலவையை நிரந்தரமாக ஊற்றிக்கொள்ள வேண்டும். கயிறு தேய்ந்திருக்கக் கூடாது. நில இணைப்பு இருக்க வேண்டும். குளோ பிளக் உள்ள யந்திரத்தில் ஈதர் தெளிக்கவே கூடாது. உள்ளே சிவந்த கோல் இருக்கையில் அது வெடித்து யந்திரத்தைச் சிதைக்கக் கூடும்.

அடுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். திறந்த வெளியில் அது தீ விபத்தோடு போகும். மூடிய கொட்டகையில் அடுப்போ ஓடும் யந்திரமோ இருந்தால், மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு ஆளையே கொன்றுவிடும். குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்வதும் அதே இரவுகளில்தான்.

அந்த லே நகரத்து ஓட்டுநர் அடுத்த குளிர்காலத்தில் தம் காருக்குச் சூடேற்றி பொருத்திக்கொண்டதாக விடுதிக்காரர் எழுதியிருந்தார். மின்சாரம் தவறும் இரவுகளுக்காக அடுப்பையும் கைவிடவில்லையாம். ஆனால் இப்போது அதைக் கொட்டகைக்கு வெளியே, கார் நிற்கும் இடத்திலிருந்து தள்ளியே வைக்கிறாராம். தேநீருக்கு அது போதுமென்கிறாராம்.