ஐந்து மணிக்கு இருட்டும் தீவு



கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் கழித்துத்தான் நானும் என் மனைவியும் பிள்ளைகள் இல்லாமல் ஓர் ஊருக்குக் கிளம்பினோம். அந்தமானுக்கு, ஒரு டிசம்பர் மாதம். பயண ஏற்பாட்டாளர் கொடுத்த தாளில் ஐந்து நாளுக்குப் பதினேழு இடங்கள் இருந்தன. படித்துப் பார்த்துவிட்டு, "ஏங்க, இது ஓய்வா, ஓட்டப்பந்தயமா?" என்று கேட்டாள். தாளை மடித்துப் பைக்குள் போட்டேன். போர்ட் பிளேரில் இறங்கி (இப்போது அது ஸ்ரீ விஜயபுரம்) நேராகக் கப்பலேறி நீல் தீவுக்குப் போனோம். நான்கு இரவும் அங்கேயே கிடந்தோம்.

பக்கத்துத் தீவான ஹாவ்லாக்கை ஏன் விட்டீர்கள் என்று பலர் கேட்டார்கள். அங்கே இருக்கும் ராதாநகர் கடற்கரையை ஆசியாவிலேயே சிறந்தது என்று 2004இல் டைம் இதழ் எழுதியது. அழகில் குறையில்லை, கூட்டமும் அதற்கேற்றாற்போல. இரண்டு பேர் சும்மா இருக்க நீல்தான் தோது. பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்திய தீவு அது. கடற்கரையை விட்டு நாலடி உள்ளே போனால் வயலும் காய்கறித் தோட்டமும்தான். ஊர்ப் பெயர்களைக் கேளுங்கள்: சீதாப்பூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர். சீதாப்பூரில் சூரியன் உதிக்கும், லட்சுமண்பூரில் மறையும். வாடகை சைக்கிளில் ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

நீல் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய, சென்னைப் படைப்பிரிவு ஒன்றின் தளபதி ஜேம்ஸ் நீலின் பெயர்தான் அது. மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றச் சொல்லி 1927இல் சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. தீவிலிருந்து அவர் பெயர் போக 2018 வரை ஆயிற்று. இன்று அது ஷஹீத் த்வீப், தியாகி தீவு. படகுத்துறையில் என்னவோ எல்லோரும் இன்னும் நீல் என்றுதான் சொல்கிறார்கள்.

அங்கே எங்களை ஓய வைத்தது சூரியன்தான். அந்தமான் நம் நாட்டின் கிழக்கே வெகு தொலைவில் இருக்கிறது. கடிகாரமோ அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை நம்பி ஓடுகிறது. அதனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிவாக்கிலேயே பொழுது சாய்ந்துவிடும். ஐந்தரைக்கு இருட்டு. ஏழு மணிக்குக் கடுகெண்ணெய் மணக்க வங்காளி வீட்டு மீன் குழம்பு. ஒன்பது மணிக்குத் தூக்கம். முதல் நாள் என்ன செய்வதென்று தெரியாமல் முழித்தோம். இரண்டாம் நாள் பேச ஆரம்பித்தோம். கடன், பள்ளிக் கட்டணம், மாமியார் மருந்து எதுவும் இல்லாத பேச்சு. எங்களுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பகலில் கடல் சொல்கிறபடி கேட்க வேண்டும். நீர் வற்றும் நேரத்தில் லட்சுமண்பூர் பக்கத்துப் பாறைப் பாலத்துக்கு நடந்து போகலாம்; குழிகளில் தேங்கிய நீரில் சின்ன மீன்கள் ஓடும். நீர் பெருகினால் அந்த வழி இருக்காது. வற்றும் நேரம் தினமும் ஐம்பது நிமிஷம் போலத் தள்ளிப்போகும். விடுதிக்காரரைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். பவளப்பாறை கத்தி மாதிரி, செருப்பில்லாமல் மிதிக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். காற்றடித்தால் கப்பலை நிறுத்திவிடுவார்கள். ஆகவே திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஸ்ரீ விஜயபுரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல், பவளத் துண்டு எதையும் கரையிலிருந்து எடுத்துவராதீர்கள். அங்கே அதற்குத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் பையைச் சோதிப்பார்கள். என் மனைவி ஆசையாகப் பொறுக்கிய வெள்ளைச் சங்கு ஒன்றைக் கடைசி நாள் காலையில் சீதாப்பூர் மணலிலேயே வைத்துவிட்டு வந்தோம்.