தாய்மையும் தொழிலும் சட்டமும்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளையைப் பெறுதலும் பேணுதலும் வீட்டளவில் முடியும் காரியம் என்றே நாம் நெடுங்காலம் எண்ணி வந்தோம். நாற்று நடுபவளும், ஆலையில் நூல் நூற்பவளும் பிள்ளைப்பேற்றின் பொருட்டு வேலை நீங்கி நிற்பின், அந்நாட்களின் கூலியை இழத்தல் அவள் தலைவிதி என்று விட்டோம். அவ்விதியை மாற்றப் புகுந்த சட்டத்தின் வரலாற்றையும், அச்சட்டம் சென்று எட்டாத இடத்தில் நமக்குள்ள கடமையையும் ஈண்டு ஒருசிறிது ஆராய்வோம்.

1919-ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் தன் முதல் மகாநாட்டிலேயே பேறுகாலப் பாதுகாப்பிற்கு ஓர் உடன்படிக்கை வகுத்தது. நம் நாட்டில் பம்பாய் மாகாணம் 1929-இல் இதற்கெனச் சட்டம் செய்தது. அதற்கு முந்திய ஆண்டில் அம்மசோதாவை ஆதரித்துப் பேசிய டாக்டர் அம்பேத்கர், தாய்க்கு ஓய்வளித்தல் தேசத்திற்கே நன்மை ஆதலின், அச்செலவில் அரசாங்கமும் பங்கேற்றல் தகும் என்னும் கருத்தை வெளியிட்டார். சென்னை மாகாணத்துச் சட்டம் 1934-ஆம் ஆண்டினது. பின்னர், 1961-ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் சம்பளத்தோடு 12 வார விடுமுறை அளித்தது. 2017-இல் அது முதலிரு பிள்ளைகளுக்கு 26 வாரமாயிற்று. அவ்விதிகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அடங்கி, 2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ளன.

நீதிமன்றங்களும் இந்நெறியை விரித்துள்ளன. தில்லி நகராட்சியில் தினக்கூலிக்கு உழைத்த பெண்களுக்கும் இவ்வுரிமை உண்டென உச்சநீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. நம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர்க்கு, முன்மணத்தில் இரு பிள்ளைகள் உளர் என்று காட்டிப் பேறுகால விடுமுறை மறுக்கப்பட்டது. 2025 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் அம்மறுப்பைத் தள்ளியது.

ஆயினும், செலவைத் தாங்குவோர் யாவர் என்னும் வினா தீரவில்லை. 1948-ஆம் ஆண்டில் ஏற்பட்ட தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், ஊதியத்தில் நூற்றுக்கு 3.25 முதலாளியும் 0.75 தொழிலாளியும் செலுத்த, அப்பொது நிதியினின்று தாய் உதவி பெறுகின்றாள். அக்காப்பீடு இல்லாத இடத்திலோ முதலாளியே முழுச்சம்பளமும் கொடுத்தல் வேண்டும். சுமை முழுதும் ஒருவன் தலையில் ஏறின், பெண்ணை வேலைக்கு அமர்த்தவே அவன் தயங்குவான் அன்றோ? உதவும் பொருட்டு எழுந்த சட்டமே வாயிலை அடைத்தல் ஆகாது. பலரும் சிறிது கொடுத்துப் பொதுநிதியால் காப்பதே செவ்விய வழி என்பது எம் கருத்து.

மேலும், பத்துப்பேர்க்குக் குறைந்த கடைகளுக்கு இப்பேறுகால விதிகள் பொருந்தா. வயற்கூலியும் வீட்டுவேலையும் செய்வோரிற் பலர்க்கு இச்சம்பள விடுமுறை எட்டாக் கனியே. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரால் தமிழ்நாட்டரசு நடத்திவரும் பேறுகால உதவி, ஏழைத் தாய்மார்க்கு 2018-இல் 18,000 ரூபாயாக உயர்த்தப்பெற்றது. அது பெரிதும் போற்றற்குரியது. எனினும் ஆறுமாதக் கூலிக்கு ஈடாகாது.

இனி நம் இல்லங்களை நோக்குவோம். 2024-ஆம் ஆண்டின் இந்திய அரசாங்கக் கணக்கெடுப்பில், ஊதியமின்றி வீட்டுவேலை செய்யும் பெண்டிர் நாளொன்றுக்கு 289 நிமிஷமும், அவ்வேலையிற் கைகொடுக்கும் ஆடவர் 88 நிமிஷமும் அதற்குச் செலவிடுகின்றனர் என்று கண்டனர். 2023-இல் சென்னை உயர்நீதிமன்றம், மனைவியின் வீட்டுழைப்பால் கணவன் பொருளீட்ட இயன்றது ஆதலின், அப்பொருளால் வாங்கிய சொத்தில் அவளுக்கும் சமபங்கு உண்டெனத் தீர்ப்புரைத்தது. நீதிபதி கண்ட உழைப்பை நாம் காணாதிருத்தல் தகுமோ?

அன்பர்களே! நம்முள் கடை வைத்திருப்போர் பலர். ஆலையும் பள்ளியும் நடத்துவோரும் உளர். ஐம்பதின்மர் பணிபுரியும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டுமெனச் சட்டம் விதிக்கின்றது; அதனை மறைத்து நாட்கடத்தல் வேண்டா. மூவரே பணிபுரியும் கடையாயினும், பேறுற்ற பெண்ணுக்கு அவள் வேலையை வைத்திருந்து, இயன்ற அளவு கூலியும் கொடுமின்! உதவிபெறும் விண்ணப்பம் எழுத அறியாத தாய்மார்க்கு நம் இளைஞர் எழுதிக் கொடுப்பாராக! ஆடவர் அடுக்களையிலும் தொட்டிலருகிலும் பங்கேற்பாராக! சட்டம் பத்துப்பேரை எண்ணித் தொடங்கட்டும். நாம் ஒருத்தியினின்றே தொடங்குவோம்.