அரபு நாடுகளில் பிரஜா உரிமை

ஒரு நாட்டில் வாழ்வது வேறு. அந்நாட்டுக்கு உரியவராக இருப்பது வேறு. பிறந்த ஊரை விட்டு மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் இவ்வேற்றுமையை ஓரளவு அறிவோம். எனினும் மொழி வேறுபட்ட ஊரில் வாழ்ந்தாலும், நமது பிரஜா உரிமை வேறுபடுவதில்லை. மாநிலத்துக்கு ஒரு பிரஜா உரிமை என்று நம் அரசியல் சட்டம் வகுக்கவில்லை. இந்தியா முழுவதற்கும் ஒன்றே என்றது. இத்தகைய உறுதி இல்லாதவர் நிலை யாது என்பதை அரபு நாடுகளின் அண்மைக் கால வரலாறு நமக்குக் காட்டுகிறது.

அரபு மொழியில் இப்பொருள் பற்றி இரண்டு சொற்கள் வழங்குகின்றன. 'ஜின்ஸிய்யா' என்பது ஒன்று. 'முவாதனா' என்பது மற்றொன்று. முன்னது இனம், வகை என்று பொருள்படும் 'ஜின்ஸ்' என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது. பின்னது 'வதன்' என்ற சொல்லின் அடியாகப் பிறந்தது. தாய்நாட்டைக் குறிக்கும் அந்த வதன், இந்துஸ்தானிப் பாடல்களில் நாம் அடிக்கடி கேட்பதே. சர்க்கார் அளிக்கும் உரிமை ஜின்ஸிய்யா. நாட்டின் வாழ்வில் சமமாகப் பங்கு கொள்வது முவாதனா. முன்னது இல்லாதவருக்குப் பின்னது எட்டுவது அரிது.

குவைத்தை எடுத்துக் கொள்வோம். 1920-ஆம் ஆண்டில், பாலைவனத்திலிருந்து வரக்கூடிய படையெடுப்புக்கு அஞ்சி, அந்நகரைச் சுற்றி மண்மதில் ஒன்றை எழுப்பினார்கள். எண்ணெய்ச் செல்வத்தால் நகரம் விரிந்தபோது, 1957-இல் மதிலை இடித்து, வாயில்களை மட்டும் விட்டு வைத்தார்கள். இரண்டே ஆண்டுகளில், 1959-இல், பிரஜா உரிமைச் சட்டம் பிறந்தது. 1920-க்கு முன் அங்கே குடியேறித் தொடர்ந்து வாழ்ந்தவர்களே மூலக் குடிகள் என்று அது வகுத்தது. மதில் போயிற்று; அது எழுந்த ஆண்டு எல்லைக்கோடாக நின்றுவிட்டது.

மேய்ச்சல் நிலம் தேடித் திரிந்த மக்களுள் பலரிடம் எழுத்துச் சான்று ஏதும் இல்லை. பெயரைப் பதிந்து கொள்வதன் அவசியத்தையும் அன்று பலர் உணரவில்லை. அவர்களும் அவர்கள் வழிவந்தோரும் 'பிதூன்' எனப்பட்டனர். 'இல்லாமல்' என்பதே அச்சொல்லின் பொருள். இவர்களுட் பலர் அண்டை நாடுகளிலிருந்து வந்து, பழைய சான்றுகளை மறைத்தவர்கள் என்பது சர்க்காரின் வாதம். ஆயினும் குவைத்தின் படையிலும் போலீஸிலும் நெடுங்காலம் பெருந்தொகையாகப் பணியாற்றியவர்கள் இவர்களே. 1980-களின் நடுவில் இவர்களைச் சட்டவிரோதமாகத் தங்கியவர்களாகக் கருதும் கொள்கை உருவாயிற்று. 1990-இல் ஈராக் படையெடுத்து, அடுத்த ஆண்டு நாடு மீண்ட பின்னர், ஐயம் மேலும் வலுத்தது, பலர் வேலையிழந்தனர். 2011-இல், ஒரு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த பிதூன் மக்களுள் பலர் தெருவில் இறங்கி உரிமை கேட்டனர். கல்வி, மருத்துவம், பிறப்புச் சான்று முதலிய வசதிகள் அறிவிக்கப்பட்டன. பிரஜா உரிமைப் பிரச்சினை தீரவில்லை.

உரிமையைப் பெற்றவர்களுக்கும் முழு நிம்மதி இல்லை. 2024 முதல் குவைத் சர்க்கார் பல்லாயிரவரின் பிரஜா உரிமையைத் திரும்பப் பெற்றிருக்கிறது. குவைத்தியரை மணந்து அவ்வுரிமையைப் பெற்ற பெண்கள் அவர்களுள் மிகப் பலர்.

இன்னொன்றும் கருதத்தக்கது. அங்கே பிரஜா உரிமை தந்தை வழியே வருவது. குவைத்தியப் பெண் ஒருத்தி பிதூன் ஒருவரை மணந்தால், அவள் பெற்ற பிள்ளைகளும் பொதுவாகப் பிதூன்களே. தாயின் நாடு பிள்ளையின் நாடு ஆவதில்லை. பல அரபு நாடுகளில் நிலவிய விதி இது. ஆனால் மாற்ற முடியாத விதி அன்று. எகிப்து 2004-இலும், அல்ஜீரியா 2005-இலும், மொராக்கோ 2007-இலும் தாய் வழியாகவும் பிரஜா உரிமை வரலாம் என்று சட்டத்தைத் திருத்தின. பெண்கள் பல்லாண்டு காலம் சலியாது வாதாடியதன் பயன் அது. லெபனானிலோ பிரெஞ்சு ஆதிக்கக் காலத்தில், 1925-இல், பிறந்த ஆணையே இன்னும் தந்தை வழியை வற்புறுத்துகிறது.

மானிட கண்ணியத்தில் மக்கள் யாவரும் சமம் என்று குவைத்தின் 1962-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கூறுகிறது. உயர்ந்த வாக்கு அது. பாட்டனார் எந்த ஆண்டில் வந்தார் என்ற கேள்விக்குப் பேரன் இன்றும் விடை தேடி அலைகிறான் என்றால், அவ்வாக்கு அவன் வாசலை இன்னும் எட்டவில்லை என்றே கொள்ள வேண்டும். நாமும் வேற்றூரில் ஒரு நாள் புதிதாக வந்து இறங்கியவர்களே. நமக்குப் பின் அவ்வூருக்கு வருகின்றவரை 'நீர் எப்போது வந்தவர்?' என்று கேட்பதற்கு முன், இதனை நாம் ஒரு கணம் நினைத்துப் பார்ப்பது நலம்.