ஒரு ‘உம்’ செய்யும் வேலை

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றியெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் நல்லாவே சொல்லிட்டாங்க. நான் நம்ம வாயில வர்ற சின்னச் சொற்களைப் பற்றிப் பேசுறேன்.

“நீ வா” என்பதற்கும் “நீயும் வா” என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவது கட்டளை. இரண்டாவதில், உன்னை விட்டுட்டு நாங்க போகமாட்டோம் என்று இருக்கு. கூடச் சேர்ந்தது ஒரு ‘உம்’ மட்டும்தான். இதுக்கெல்லாம் இடைச்சொல்னு பேராம். என் மகள் இலக்கணப் பாடம் படிக்கும்போது பக்கத்துல உட்கார்ந்து கேட்டேன். தொல்காப்பியத்தில் இதுக்கென்றே ‘இடையியல்’ என்று ஒரு பகுதி இருக்கு; ‘உம்’ ஒன்றுக்கே 8 பொருள் சொல்லியிருக்கு. இந்தச் சொற்கள் தனியா நிற்காது, இன்னொரு சொல்லோட சேர்ந்துதான் வருமாம். நம்ம குழு மாதிரி!

எங்க குழுவில் ஒரு அக்கா 3 மாசம் தவணை கட்டல. அவங்ககிட்ட கேட்டுட்டுதான் இதைச் சொல்றேன். கூட்டத்துல ஒருத்தர், “எல்லாரும் கட்டியாச்சு, நீங்கதான் கட்டல” என்றார். மரியாதையாத்தான் கேட்டாங்க. ஆனா அந்தத் ‘தான்’ அவங்களைத் தனியா ஒரு பக்கம் நிறுத்திடுச்சு. அடுத்த 2 கூட்டத்துக்கு அக்கா வரல. குழுவை விட்டே போயிடுவாங்கன்னு பேச்சு வந்தது.

அப்புறம் எங்க ஊக்குநர் அவங்க வீட்டுக்குப் போனாங்க. கடன் பேச்சே எடுக்கல. “எல்லாரும் வந்துட்டோம், உங்களைத்தான் காணோம்” என்று மட்டும் சொன்னாங்க. அதே ‘தான்’! அக்கா அழுதுட்டாங்க. கடன் வாங்கிப் பிடிச்ச மாடு பால் வற்றிப்போன விஷயம் அன்னைக்குத்தான் வெளியே வந்தது. தவணையைக் குறைத்துப் போட்டோம், கட்டி முடிச்சாங்க. மூணாவது வரிசையில உட்கார்ந்து இப்ப என்னை முறைக்கிறாங்க.

“மருமகளும் மகள்தான்” என்று பெருமையா சொல்றோம். மகளைச் சொல்லும்போது இந்த ‘உம்’மும் ‘தானு’ம் தேவைப்படுதா? மாமியார்கள் கோவிச்சுக்காதீங்க, நானும் மாமியார்தான்.

1989ல் தர்மபுரியில் நம்ம மாநிலத்துக் குழுக்கள் தொடங்கின காலத்துப் பெண்கள் நிறைய பேருக்கு வங்கி வாசற்படியே புதுசு. எங்க ஊர்ல முதல்ல எங்களை “ஏம்மா, ஓரமா நில்லு” என்றாங்க. இப்ப “வாங்கம்மா, உட்காருங்க” என்றாங்க. அந்த ‘ங்க’ சும்மா வரல. மாசாமாசம் தவறாம கட்டிக் கட்டி வாங்கினது.

கடைசியா, தீர்மானப் புத்தகம் எழுதுறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்னார் “தவணை கட்டவில்லை” என்று எழுதும் இடத்தில் “இம்மாதம் தவணை கட்டவில்லை” என்று எழுதுங்க. அடுத்த மாசம் ஒண்ணு இருக்குல்ல? தணிக்கைக்கு வர்றவங்களிடம் கேட்டுட்டேன், தாராளமா எழுதலாம்னு சொல்லிட்டாங்க.